பட்டம் பெற்ற தம்பியும் பழுது பார்க்கும் அண்ணனும்

குளச்சல் படிப்பகத்தில் சென்ற கிழமை ஒரு தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார். கடலிலே வள்ளம் தள்ளி வாழ்நாளைக் கழித்தவர். மகனைப் பொறியியல் படிக்க வைத்தவர். அந்த மகன் இன்று வடக்கே ஒரு சோப்பு ஆலையில் இருக்கிறான். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் மாறினாலும் கதை மாறாது.

"தம்பி, எம் மவன் அங்க தொழிலாளியா, அதிகாரியா? கேட்டா 'டிரெய்னி'ன்னு சொல்லுதான். அப்படின்னா என்ன?" என்றார்.

எளிய கேள்விதான். ஆனால் ஏட்டுப் படிப்பாளிகள் எழுப்ப மறந்த கேள்வி. அன்று உடனே விடை கூறவில்லை. இன்று கூறுகிறோம்.

அந்தப் பிள்ளை ஆலை வாயிலுக்குப் போய்ச் சேர்ந்த பாதை தானாக அமைந்ததல்ல. வெட்டிச் சமைத்த பாதை! 1951-இல், சென்னை மாநிலத்து வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குகள் இரண்டு: ஒன்று மருத்துவக் கல்லூரி இடத்துக்காக, மற்றொன்று பொறியியல் கல்லூரி இடத்துக்காக. பெரியார் கிளம்பினார், தமிழகம் கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வுச் சுவரை இடித்தது. 2010-இல் கலைஞர் அரசு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புக் கட்டணச் சுமையைத் தான் ஏற்றது. 2021-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் சட்டமாயிற்று.

கல்லூரிக் கதவைத் திறந்தோம், மகிழ்ந்தோம். ஆலைக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தோமா?

பார்ப்போம். சோப்பு, பற்பசை, பிஸ்கட், பெயிண்டு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் — வீட்டுக்கு வீடு வேண்டிய பொருள்களைச் செய்யும் ஆலைகள் ஆண்டுதோறும் புதுப் பட்டதாரிகளை எடுக்கின்றன. சிலரைத் 'தொழிற்பழகுநர்' என்று எடுக்கின்றன. அதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர். அதன் 18-ஆம் பிரிவு கூறுவது என்ன? பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர்! 2019-இல் வகுத்த விதி, பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்த அளவு உதவித்தொகை என்றது. மற்றும் சிலரை ஆலைகள் தாமே 'பயிற்சிப் பொறியாளர்' என்று பெயரிட்டு எடுக்கின்றன. அவர்களிடம், "நீங்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள், சங்கத்தின் பக்கம் திரும்பாதீர்கள்" என்று காதிலே ஓதப்படுகிறது.

வேடிக்கையைப் பாருங்கள்! இரவு ஷிப்டில் நிற்பவன் அவன். இயந்திரம் நின்றால் ஏச்சு வாங்குபவன் அவன். அவனைச் 'சார்' என்று அழைக்கிறார் நிரந்தரத் தொழிலாளி. அந்தத் தொழிலாளி வாங்குவதில் பாதிகூட வாங்காத 'சார்'கள் உண்டு! பட்டத்தின் பெயரால் பெருமை. பயிற்சியின் பெயரால் குறைந்த கூலி. நிர்வாகத்தின் பெயரால் தனிமை.

இதைப் பார்க்கும்போது நமக்குப் பழைய நோய் ஒன்று நினைவுக்கு வருகிறது. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மக்களைப் பிரித்தான் மனு. மூளையால் உழைப்பவன், கையால் உழைப்பவன் என்று ஆலைக்குள்ளே கோடு கிழித்தால், அது அதே நோயின் புது வடிவம் அல்லாமல் வேறென்ன?

கோடு கிழிப்பதால் கெடுவது தொழிலாளி மட்டுமல்ல, தொழிலும் கெடுகிறது. எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். சோப்பு அரைபட்டு, நீளக் கட்டியாகி, வெட்டுப்பட்டு, முத்திரை பதிந்து, உறை சுற்றும் இயந்திரத்துக்கு வருகிறது. ஐப்பசி மழைக் காலம். உறை கிழிகிறது, இயந்திரம் நிற்கிறது, மறுபடியும் நிற்கிறது. புதுப் பொறியாளன் கணினித் திரையைப் பார்க்கிறான், வேகத்தைக் குறைக்கிறான், கூட்டுகிறான், பயனில்லை. இருபது ஆண்டு அந்த இயந்திரத்தோடு வாழ்ந்த பிட்டர் வருகிறார். "சார், மிஷின்ல கோளாறு இல்லை. காகித உருளையைத் தொட்டுப் பாருங்க. ஈரம் குடிச்சிருக்கு" என்கிறார். கிடங்கிலே கூரையோரம் கிடந்த உருளை!

ஏட்டிலே இல்லாத பாடம் அது. ஆனால், "இந்த ஈரம் எவ்வளவு, அதை எப்படி அளப்பது, கிடங்கை எப்படி மாற்றினால் அடுத்த ஐப்பசியில் இது நேராது" என்று கணக்கிட்டு எழுதத் தெரிந்தவன் பொறியாளன். பிட்டரின் விரலும் பொறியாளனின் கணக்கும் கூடினால் ஆலை ஓடும். விரலைக் கணக்கு இகழ்ந்தால், கணக்கை விரல் வெறுத்தால், இருவரையும் ஆட்டிவைக்க முதலாளிக்கு எளிது.

கற்பதிலே வெட்கம் என்ன? 1741-இல் இதே குளச்சல் கரையில் டச்சுப் படை தோற்றது. சிறைபிடிக்கப்பட்ட டிலனாய் என்ற வெளிநாட்டானைத் திருவிதாங்கூர் மன்னர் என்ன செய்தார்? அவனைக் கொண்டே தம் படைக்குப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். அவன் கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. மன்னராட்சியை நாம் போற்றவில்லை. ஆனால், தோற்ற பகைவனிடமே தொழில் கற்ற மண் இது! இந்த மண்ணின் பிள்ளை, உடன்பிறந்த அண்ணனைப் போன்ற பிட்டரிடம் கற்கக் கூசலாமா?

குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சி மணலை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள இல்மனைட்டிலிருந்து எடுப்பதே டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்குப் பூசும் பெயிண்டின் வெண்மையும், பற்பசையின் வெண்மையும் அது தருவது. நம் கரையில் கிடைப்பது கரு மணல். கடையில் நாம் வாங்குவது வெண்மை. இரண்டுக்கும் இடையிலே இருப்பது தொழில்நுட்பம். அந்த நுட்பம் நம் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டுமானால், ஆலையில் அவர்களுடைய முதல் ஐந்து ஆண்டு குற்றேவல் செய்து கழியக் கூடாது.

"முதலில் அனுபவம் வரட்டும், பிறகு ஊதியம் கேட்கலாம்" என்று உபதேசிப்போர் உண்டு. பயிற்சி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பயிற்சி என்று பெயர் சூட்டி, நிரந்தர ஆள் செய்ய வேண்டிய வேலையை மலிவாக வாங்காதீர் என்கிறோம். எந்தெந்தத் துறையில், எத்தனை மாதம், யாரிடம் கற்பான் என்பதை எழுத்தில் கொடுங்கள். தனித்து நின்று ஷிப்டு நடத்தும் நாள் முதல் அந்த வேலைக்குரிய ஊதியம் கொடுங்கள். பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவைத் திருத்துங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். 2024 செப்டம்பரில், திருப்பெரும்புதூர்ப் பகுதியில், தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள், சங்கம் அமைக்கும் உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தகைய நாளில், 'டிரெய்னி' எந்தப் பக்கம் நிற்பான்? அது, மற்ற நாள்களில் நாம் அவனை எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தது. 'முதலாளியின் ஆள்' என்று முதல் நாளே முத்திரை குத்தாதீர். தேநீர் வேளையில் அருகே உட்கார வையுங்கள். உரிமையைச் சொல்லுங்கள்: பெயர்ப்பலகை முடிவு செய்வதில்லை, செய்யும் வேலைதான் முடிவு செய்யும் என்பதே நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. தொழில்நுட்ப வேலையும் தொழிலாளியின் வேலையே என்றது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும் அதை நீக்கவில்லை.

குளச்சல் தோழரே! உம் கேள்விக்கு நம் விடை இதுதான். பழகுநரைத் தொழிலாளி அல்ல என்று சட்டம் ஒதுக்கட்டும்; ஆலை 'டிரெய்னி' என்று அழைக்கட்டும்; உழைத்து உண்பவன் உம் மகன். அவன் தொழிலாளி! வள்ளத்தில் துடுப்புப் போடுபவரும் திசை பார்ப்பவரும் ஒரே வள்ளத்தில்தானே கரை சேர்கிறார்கள்? அடுத்த முறை அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டதற்குப் பிறகு, "பிட்டர் அண்ணனிடம் இன்று என்ன படிச்ச?" என்றும் கேளும். "சங்கத்துக்குப் போனியா?" என்றும் கேளும்!