லயன் சுவருக்கும் காதுண்டு

பால்புதுமையினர் நிலையங்களில் தொண்டாற்றுவது கொழும்பு நாகரிகம். ஊவாத் தோட்டங்களுக்கு முதலில் வேண்டுவது சம்பளமே என நண்பர் சிலர் வாதிடுகின்றனர். சம்பளம் வேண்டும், ஐயமில்லை. ஆயின், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் பிள்ளை திருநங்கையாக இருத்தல் கூடாதா? அவர்தம் பசியும் அவமானமும் வெவ்வேறு உடல்களிலா உறைகின்றன?

இஃது மேனாட்டு இறக்குமதி என்பர். உண்மையில் இறக்குமதியானது தண்டனையே. 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் வழியே இக்குற்றம் இங்கு புகுந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அவ்வலைக்குள் இழுத்தது. அதனை நீக்குதல் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்தம் வழித்தோன்றல்களாகிய நாம், சட்டம் சொல்வதெல்லாம் நீதியென எங்ஙனம் நம்புவோம்?

கொழும்பில் 2004இல் தோன்றிய ஈக்குவல் கிரவுண்ட் போன்ற அமைப்புகள் இத்துறையில் உழைத்து வந்துள்ளன. ஆயினும் பசறையிலோ அப்புத்தளையிலோ வாழும் தொழிலாளி நாட்சம்பளத்தை இழந்தே அங்கு செல்லவியலும். தொலைபேசியிற் பேசலாமே எனின், லயனில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும்.

ஆகவே பதுளை நகரில், கதவடைத்துத் தமிழிற் பேச ஓர் அறை வேண்டும். அமர்ந்து செவிமடுக்கத் தொண்டர் வேண்டும். கேட்டதை வெளியே உரைக்காத நாவே அத்தொண்டரின் முதல் தகுதி. லயனிற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த நம்மையன்றி அம்மொழியும் அச்சமும் அறிந்தோர் யாவர்? மேடையிற் சமத்துவம் முழங்கும் நாம், விடுமுறையில் வாரத்திற்கு அரைநாள் ஈயவும் அஞ்சுவோமாயின், நம் முழக்கம் வெற்றோசையே.