வலிக்காத கால்

என் அத்தைக்கு வயது 68. சர்க்கரை நோய் உண்டு. ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினார். செருப்பெல்லாம் ரத்தம்! ஒரு சின்ன ஆணி அடியிலிருந்து துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. அந்த ஆணியின் மேலேயே அவர் கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

"வலிக்கவில்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"கொஞ்சங்கூட இல்லை. என் கால் அவ்வளவு கெட்டியாக்கும்!" என்று சிரித்தார்.

நாங்களும் சேர்ந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கால் மூளைக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எறும்பு ஊர்ந்தால்...

கால் கட்டைவிரலில் ஓர் எறும்பு ஊர்கிறது. உடனே நமக்குத் தெரிகிறது. எப்படி?

தோலுக்கு அடியில் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. தோல் லேசாக அமுங்கினாலும் அந்த நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிறு கதவுகள் திறக்கின்றன. மின்துடிப்பு ஒன்று பிறக்கிறது. அந்தக் காலத்துத் தந்தியைப் போல அது நரம்பு வழியே ஓடுகிறது. இந்தக் கதவுகளை 2010-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆர்டம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானி. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு இழை கட்டைவிரலில் தொடங்கி, காலில் ஏறி, முதுகுத் தண்டுக்குள் நுழைந்து, பிடரி வரை ஒரே ஓட்டமாகப் போகிறது. வழியில் முடிச்சு கிடையாது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்! பிடரிக்கு மேலே போனதும் செய்தி அடுத்த நரம்புக்குக் கைமாறி, மறுபக்கம் தாண்டுகிறது. இடது கால் செய்தி வலது மூளைக்கு, வலது கால் செய்தி இடது மூளைக்கு.

வலிக்கு வேறு இழை, வேறு பாதை. அதில் ஒரு வகை நடந்து போகிறவர் வேகத்தில்தான் போகும். வாசற்படியில் விரலை இடித்துக்கொண்டு பாருங்கள். (வேண்டாம், நினைத்துப் பார்த்தாலே போதும்!) இடித்தது முதலில் தெரியும். "ஐயோ" என்று கத்த வைக்கும் அந்த வலி சற்றுப் பொறுத்துத்தான் வரும்.

பின்னல் போடும் விரல்கள்

பள்ளிக்கூடத்தில் புலன்கள் ஐந்து என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெண்கள் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்னல் போடுகிறார்கள். கண்ணாடி இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூளைக்குத் தெரியும்! இருட்டில் சாப்பிட்டாலும் சோறு வாய்க்குத்தான் போகிறது, மூக்குக்குப் போவதில்லை. தசைகளுக்கு உள்ளேயும் மூட்டுகளிலும் இருக்கும் நரம்பு நுனிகள், "கை இங்கே இருக்கிறது, முழங்கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் செய்திதான் எல்லாவற்றிலும் வேகம். வினாடிக்கு 100 மீட்டர் வரை போகும்.

இது கெட்டுப்போனால் என்ன ஆகும்? கண் திறந்திருக்கும் வரை சமாளிக்கலாம். கண்ணை மூடினால் போச்சு. வீட்டில் ஒரு பெரியவர் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறாரா? இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா? "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும் இப்படி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி போட்டுக் குணப்படுத்தலாம்.

எலி கடித்தும் தெரியவில்லை!

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் பேர் பெற்றவர். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார். ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருந்தார். தூங்கும்போது சிலருடைய விரலை எலி கடித்திருந்தது. அவர்கள் விழிக்கவே இல்லை! எலியை விரட்டப் பூனை கொடுத்தார்கள். நோய் நரம்பைத்தான் கெடுத்தது. விரல்களைக் கொண்டுபோனவை தீயும் வெட்டும் எலியும்.

தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. முழுவதும் குணமாகிறது. ஆனால் அதே ஆபத்து இப்போது சர்க்கரை நோய் வழியாக வீட்டுக்கு வீடு நுழைந்திருக்கிறது. சர்க்கரை அதிகமானால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். அதனால்தான் மரத்துப்போவது கால்விரலில் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் சுற்றிவிட்டு, பாதம் கொப்பளித்தது தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

காலை நீட்டுங்கள்

மருத்துவரிடம் போனால் என்ன செய்கிறோம்? ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறோம். காலை நீட்டுகிறோமா? இல்லை. சிலர் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை. கூச்சமாம்! மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. பண்டிகை நாளில் பெரியவர்கள் காலில் விழுகிறோம். அந்தப் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்ததுண்டா? தினமும் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, உள்ளங்கால். தனியாக இருப்பவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். செருப்பைப் போடும் முன் உதற வேண்டும். வெந்நீரைக் காலால் பதம் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தையின் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புதான் போடுகிறார், வீட்டுக்குள்ளேயும். இரவில் என் மகள் டார்ச் விளக்கோடு வந்து உட்காருகிறாள். பாட்டியின் உள்ளங்காலில் விரலால் கோடு இழுத்து, "கூசுதா பாட்டி?" என்று கேட்கிறாள்.

"நீ எப்போ தொட்டே?" என்கிறார் அத்தை.