பூட்டிய நூலகமும் கட்டிய வரியும்

கொரோனா நோயைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் மூடியது, ஊர் நூலகமும் மூடியது. புத்தகமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே படியுங்கள் என்று உபதேசம் மட்டும் தாராளமாக வந்தது.

யாருக்கு இலவசம் என்று கேட்கிறோம். எறையூர் சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டில் ஒரே கைப்பேசி என்றால், அது அவர் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். கரும்பு வெட்டும் கூலிக்காரர் வீட்டில் அதுவும் இல்லையென்றால், பிள்ளை எதில் படிப்பது?

புத்தகம் இல்லாமலில்லை. பாரதி பாடல்கள் 1949-லேயே அரசுடைமையாயின. 1998 முதல் மதுரைத் திட்டத் தொண்டர்கள் கூலி வாங்காமல் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் மின்னூலகம் நடத்துகிறது. இவை பொதுச்சொத்து. நோய்க்கு முன்பும் இலவசம், பின்பும் இலவசம்.

பொதுச்சொத்தாகாத நூல்களின் கதி என்ன? அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகம், 2020 மார்ச் 24 அன்று சுமார் 14 லட்சம் நூல்களை, காத்திருக்கத் தேவையின்றி இரவல் தந்தது. ஜூன் 1 அன்று நான்கு பெரிய பதிப்பக முதலாளிகள் வழக்குப் போட்டனர். ஜூன் 16 அன்று அந்த ஏற்பாடு நின்றது. நோய் நிற்கவில்லை, இரவல் நின்றது! 2023-லும், மேல்முறையீட்டில் 2024-லும் தீர்ப்பு முதலாளிகள் பக்கமே.

எழுத்தாளனும் உழைப்பாளிதானே, அவனுக்குக் கூலி வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டே! அதை விரிவாக்கினால் எழுதியவனும் வாழ்வான், படிப்பவனும் வாழ்வான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். இன்று அது ரூபாய்க்குப் 10 காசு. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்தப் பணம் நம் ஊருக்குத் திரும்பட்டும். கிராம நூலகம் ஒவ்வொன்றிலும் கணினியும் இணையமும் வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு 8 மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும். மறுபடி கொள்ளைநோய் வந்தால், நூலகம் பூட்டினாலும் புத்தகம் வீடு தேடி வர ஏற்பாடு வேண்டும்.

தோழர்களே! அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குவோம். நாம் கேட்பது தருமமல்ல; கட்டிய வரிக்குக் கணக்கு.