ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம் வகுப்பறைகளும்

ஆங்கில பாஷையின் எழுத்துக்கூட்டலில் நியாயம் ஒன்றுமில்லை, ஆதலால் அதை நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்ற அபிப்பிராயம் நம் உபாத்தியாயர்களிடையே வேரூன்றியிருப்பதனால், பிழையாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுதிவரச் சொல்லும் இம்போசிஷனே பல வகுப்புகளில் இன்றளவும் போதனையின் ஸ்தானத்தை வகித்து வருகிறது. இது தவறான அபிப்பிராயம். குழந்தைகளுக்கு அநீதி இழைப்பதுங்கூட.

'சைன்' என்ற சொல்லை எஸ், ஐ, ஜி, என் என்று எழுதுகிறோம்; ஜி காதில் விழுவதில்லை. அது வீண் எழுத்து என்று சொல்லிவிட்டால் மாணாக்கனுக்கு மிஞ்சுவது எரிச்சல்தான். அதன் பக்கத்திலேயே 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலோ, முதற்சொல்லில் மௌனமாயிருந்த எழுத்து மற்றவற்றில் ஒலிப்பதையும், மூன்றும் அடையாளம் என்று பொருள்படும் 'சிக்னும்' என்ற லத்தீன் மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதையும் அவன் எளிதில் கிரகித்துக்கொள்வான். இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் ஓசையற்று நிற்கும் டபிள்யூவும் 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' ஆகியவற்றில் தெளிவாகவே கேட்கிறது. இறந்தகாலங் காட்டும் இ-டி என்ற விகுதி, 'ஜம்ப்' என்பதோடு சேர்கையில் வன்மையாகவும், 'ப்ளே' என்பதோடு மென்மையாகவும், 'பெயிண்ட்' என்பதோடு தனி அசையாகவும் ஒலித்தபோதிலும், பொருள் ஒன்றாயிருப்பதனால் எழுத்தும் ஒன்றாகவே இருக்கிறது.

நன்னூல் வழியில் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பிரித்துப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தை அந்நியமானதே அல்ல. 'மேக்' என்பதோடு 'இங்' சேரும்போது ஈற்றிலுள்ள இ என்னும் எழுத்து கெடுவதை விகாரம் என்று சொன்னால், அவர்களுக்கு வேறு விளக்கம் எதற்கு? தமிழ் வகுப்பில் அரும்பாடுபட்டுச் சம்பாதித்த இந்த ஞானத்தை ஆங்கில வகுப்பின் வாயிற்படியிலேயே விட்டுவிட்டு வரச் செய்கிறோமே என்பதுதான் என் விசனம்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தத்தை முதலிற் கற்பிக்க வேண்டியது அவசியமே. சொற்கள் அனைத்தும் ஒழுங்கானவை என்றும் நான் சாதிக்கவில்லை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லிலுள்ள எஸ், அதன் பழைய ஆங்கில வடிவத்தில் இல்லாதது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாய் வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லின் சாயலால் பிற்காலத்திற் புகுந்தது. அந்தச் சரித்திரத்தைக் கேட்ட சிறுவன் எஸ்ஸை எழுத மறப்பது அபூர்வம்.

சொல்லின் பிறப்பையும் கூறும் நல்ல அகராதி ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் இம்முறைக்கு இடம் வேண்டும். டிக்டேஷனுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியையாவது இத்தகைய சொல்லாராய்ச்சிக்கு ஒதுக்கும்படி கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.