புற்றுநோய் ஒழுக்கம் பார்த்து வாறதில்லை

2008ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி, எச்.ஐ.வியைக் கண்டுபிடிச்ச இரண்டு பேருக்குப் போனது. மற்றப் பாதி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி எண்டு காட்டின ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு. அங்க ஒரே மேடையில ஏறின இந்த இரண்டு வைரசையும் பற்றி நாங்கள் ஒண்டாக் கதைக்கிறதே இல்லை.

கதைக்கவேணும். பெரும்பாலான ஆக்களுக்கு எச்.பி.வி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை விரட்டிவிடும். எச்.ஐ.வி அழிப்பது அந்தச் சக்தியைத்தான். அதனால் எச்.பி.வி உடம்பில் தங்கி, கலங்களை மாற்றி, வருசக்கணக்கில் புற்றுநோயாகிறது. எச்.ஐ.வியோடு வாழும் பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் ஆபத்து 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கு 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்வதும் அதே நிறுவனம்தான்.

எங்கட சுகவனிதையர் கிளினிக்குகள் பொதுவாகப் பெண்களை அழைப்பது 35 வயதில். இடையில் நிற்கிறது எங்கட வயசுக்காரர். "கலியாணம் கட்டாத பிள்ளைக்கு என்னத்துக்கு அந்த ரெஸ்ட்?" எண்டு கேட்கிற ஊரில், 25 வயசுப் பிள்ளை எந்தத் துணிவில் போவாள்?

"பொம்பிளையளின்ர வருத்தம்தானே" எண்டு ஒதுங்கிற பெடியளுக்கும் ஒண்டு. குதம், ஆணுறுப்பு, தொண்டை எல்லாத்திலும் இதே வைரஸ் புற்றுநோயைத் தரும். குதப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம் இருப்பது, எச்.ஐ.வியோடு வாழ்கிற, ஆண்களோடு உறவுகொள்கிற ஆண்களுக்கு. முன்கூட்டிய மாற்றங்களுக்குச் சிகிச்சை செய்தால் அந்த ஆபத்து பாதிக்கு மேல் குறையுது எண்டு 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கிற நாட்டில், ஆர் டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுவான்?

"ஒழுக்கமா இருந்தா வராது" எண்டு சொல்லுகினம். புருசனைத் தவிர வேறொருவரையும் அறியாத பெண்ணுக்கும் இரண்டு வைரசும் வரும். உங்கட ஒழுக்கப் பாடத்தில் அவளுக்கு என்ன பதில் இருக்கு?

எச்.ஐ.வி மருந்து அரச கிளினிக்கில் இலவசம். ஒழுங்கா எடுத்தால் நீண்டகாலம் வாழலாம். அப்படி உயிர் தப்பின ஒருவரை, தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய்க்கு வெட்கத்தால் பலி கொடுக்கிறதா? 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடப்படுது. அது எதுக்கெண்டு வீட்டிலிருக்கிற தங்கச்சிக்கும் தம்பிக்கும் இண்டைக்கே சொல்லுங்கோ. பரிசோதனைக்குப் போக நினைக்கிற சிநேகிதியிட்ட ஒரு கேள்வியும் கேட்காமல், கூடப் போங்கோ.