பொய்க் கலியாணமும் மெய்க் காதலும்

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை நடத்தி வை" என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். "அப்படியன்று, ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி என்பதே சரியான பாடம்" என்று வாதிக்கும் பண்டிதர்களும் உண்டு. பாடம் எதுவாயினும் ஆகுக; வழக்கம் எது என்பதில் நேயர்களுக்குச் சந்தேகம் இராது. மாப்பிள்ளையின் சம்பளம் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சற்று வளர்ந்து விடுகிறது. பெண்ணின் வயது பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சற்றுக் குறைந்து விடுகிறது. இவற்றை நாம் பொய் என்று கூடச் சொல்வதில்லை. கலியாணச் செலவுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு விட்டோம்.

ஆனால், மற்றதெல்லாம் மெய்யாயிருந்து, கலியாணம் ஒன்று மட்டும் பொய்யாயிருந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியை மூலதனமாக வைத்துக்கொண்டு ஆங்கில நாவலாசிரியர்கள் பெரிய வியாபாரமே நடத்தி வருகிறார்கள். புத்தகக் கடையில் காதல் நவீனங்கள் அடுக்கியிருக்கும் பக்கம் போனால் இவ்வகைக் கதைகள் கண்ணில் படாமல் இரா. கதாநாயகன் ஒரு கம்பெனிக்குத் தலைவன். கதாநாயகி அவனுடைய காரியதரிசி. அல்லது அவள் எஜமானி, அவன் உதவியாளன். சொத்துக்காகவோ, பதவிக்காகவோ, தேசத்தில் தங்குவதற்காகவோ ஒருவருக்கு அவசரமாக ஒரு விவாகம் தேவைப்படுகிறது. "சில மாதங்களுக்கு மட்டும்" என்று ஒப்பந்தம் செய்து கொள்கிறார்கள். முடிவு என்ன என்பது நேயர்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அவ்விருவருக்கும் மட்டும் கடைசி அத்தியாயம் வரையில் தெரியாது!

இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இவற்றைப் படிக்கிறார்கள். நாளைக்கு ஆபீசுகளுக்கு உத்தியோகம் பார்க்கப் போகப் போகிறவர்களும் அவர்கள்தாம். ஆகையால், இந்தக் கதைகளில் ரஸம் எங்கே இருக்கிறது, விஷம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

உதாரணத்துக்கு 2009-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ப்ரொபோஸல்' என்னும் திரைக்கதையை எடுத்துக் கொள்வோம். இந்த இனத்துக்கு அது ஒரு நல்ல மாதிரி. நியூயார்க் நகரத்தில் ஒரு புத்தகப் பிரசுராலயம். அதன் தலைமை ஆசிரியை மார்கரெட், கானடா தேசத்துப் பெண். ஆபீஸ் முழுவதும் அவளைக் கண்டு நடுங்குகிறது. விசா மனு பரிசீலனையில் இருக்கும்போதே ஜெர்மனியில் ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்துவிட்ட குற்றத்துக்காக, அவள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வருகிறது. அந்தக் கணத்தில் உதவியாளன் ஆண்ட்ரூ அறைக்குள் தலையை நீட்டுகிறான். "நாங்கள் இருவரும் விவாகம் செய்து கொள்ளப் போகிறோம்" என்று மேலதிகாரிகளிடம் அவள் சொல்லி விடுகிறாள். செய்தியைக் கேட்டு அதிகமாகத் திகைத்தவன் மாப்பிள்ளைதான்!

ஆண்ட்ரூவும் லேசுப்பட்டவன் அல்ல. தன்னை ஆசிரியனாக உயர்த்த வேண்டும், தான் சிபாரிசு செய்த கையெழுத்துப் பிரதியை அச்சிட வேண்டும் என்று பேரம் பேசுகிறான். அது மட்டுமா? நட்ட நடுத் தெருவோரத்தில் அவளை மண்டியிடச் செய்து, "தயவு செய்து என்னை மணந்து கொள்" என்று முறைப்படி கேட்க வைக்கிறான். பிறகு இருவரும் அலாஸ்காவிலுள்ள ஸிட்கா என்னும் ஊருக்கு, அவனுடைய பாட்டியின் தொண்ணூறாவது பிறந்த நாளுக்குப் போகிறார்கள்.

இந்தக் கதையில் நம் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. குடியேற்ற இலாகா அதிகாரி இருவரையும் தனித்தனியே வைத்துக் கேள்வி கேட்பார். ஒருவரைப் பற்றி மற்றவர் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் படிப்பது போல் இருவரும் தயாராகிறார்கள். அப்போதுதான் ஒரு வேடிக்கை வெளியாகிறது. ஆண்ட்ரூவுக்கு எஜமானியைப் பற்றி எல்லாம் தெரியும். எஜமானிக்கோ அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மூன்று வருஷ காலம் தினந்தோறும் காப்பி கொண்டு வந்து கொடுத்தவன் எந்த ஊர், அவன் குடும்பம் எப்படிப்பட்டது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய உண்மையா? கீழே வேலை செய்கிறவர், மேலே இருப்பவரின் முகக் குறிப்பையெல்லாம் பாடம் செய்து வைத்திருக்கிறார். அவருக்கு அது ஜீவனோபாயம். மேலே இருப்பவருக்கு அந்தச் சிரமம் இல்லை. பொய்க் கலியாணக் கதையின் உண்மையான சூழ்ச்சி இதுவே என்று நாம் கருதுகிறோம். அது எஜமானரை மாணவராக்கி உட்கார வைத்து, "உன் பக்கத்தில் இத்தனை நாள் இருந்த மனிதர் யார்?" என்று பரீட்சை வைக்கிறது. காதல் அந்தப் பரீட்சையில்தான் பிறக்கிறது.

இனி, இந்தக் கதையின் வம்சாவளியைப் பார்ப்போம். 1740-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஸாமுவேல் ரிச்சர்ட்ஸன் என்ற அச்சுக்கூட முதலாளி 'பமேலா' என்னும் நவீனத்தை வெளியிட்டார். பமேலா பதினைந்து வயதுப் பணிப்பெண். அவளுடைய எஜமானி இறந்ததும், அந்த அம்மாளின் மகன் புதிய எஜமானன் ஆகிறான்; அவளுக்குத் தொல்லையும் ஆரம்பமாகிறது. தன் ஆசைநாயகியாய் இருக்கச் சம்மதித்தால் பணமும் நிலமும் தருவதாக ஷரத்து ஷரத்தாக எழுதி அனுப்புகிறான். அவள் ஷரத்து ஷரத்தாகவே மறுத்துப் பதில் எழுதுகிறாள். இதற்கிடையில், போலிப் பாதிரியாரைக் கொண்டு ஒரு பொய்க் கலியாணம் நடத்தி அவளை ஏமாற்றப் போவதாக எச்சரிக்கை ஒன்றும் அவளுக்கு வந்து சேருகிறது.

பார்த்தீர்களா? எஜமானன், பணிப்பெண், எழுத்து மூலமான ஒப்பந்தம், பொய்க் கலியாணம் எல்லாம் அப்போதே இருக்கின்றன. ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. பொய்க் கலியாணம் என்பது எளியவளைப் பிடிப்பதற்கு வலியவன் வைத்த கண்ணியாக இருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் இது வெறும் கற்பனையும் அன்று. லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றி விளம்பரமில்லாமல், கேள்வி முறையில்லாமல் விவாகங்கள் நடந்து வந்தன. எது செல்லும், எது செல்லாது என்பதே குழப்பமாயிருந்தது. 1753-ம் ஆண்டில் ஹார்ட்விக் பிரபு கொண்டு வந்த விவாகச் சட்டத்திற்குப் பிறகுதான், முன்னறிவிப்போ லைசென்ஸோ பெற்று, மாதாகோயிலில் முறைப்படி நடத்திப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று கண்டிப்பு ஏற்பட்டது.

அடுத்த தலைமுறைக் கதை 1847-ல் வெளிவந்த ஷார்லட் ப்ராண்டியின் 'ஜேன் அயர்'. ஜேன், வருஷத்துக்கு முப்பது பவுன் சம்பளத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வந்த உபாத்தியாயினி. எஜமானர் ராச்செஸ்டர் அவளை உண்மையாகவே காதலிக்கிறார். ஆயினும் அவர் நடத்த முயன்றதும் பொய்க் கலியாணமே. ஏனெனில் அவருடைய முதல் மனைவி உயிரோடு அதே மாளிகையில் அடைபட்டிருக்கிறாள். மாதாகோயிலில் விஷயம் வெளியானதும் ஜேன் அந்த வீட்டை விட்டுப் போய் விடுகிறாள். பிற்பாடு சிற்றப்பனின் சொத்து இருபதினாயிரம் பவுன் அவளுக்கு வந்து சேருகிறது. அதை உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக் கொண்டு, தன் பங்கு ஐயாயிரத்தோடு, யாருக்கும் ஊழியம் செய்ய வேண்டாதவளாக, ராச்செஸ்டரிடம் திரும்பி வருகிறாள். மெய்யான கலியாணம் அதன் பிறகுதான் நடக்கிறது. சம்பளம் வாங்குகிற நிலையில் சொன்ன சம்மதத்தைக் காட்டிலும், சுதந்திரமாக வந்து சொல்லும் சம்மதமே சம்மதம் என்று அந்த அம்மாள் கண்டு கொண்டாள் போலும்!

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதை தொழிற்சாலைச் சரக்காயிற்று. லண்டனில் 1908-ல் மில்ஸ், பூன் என்னும் இருவர் தொடங்கிய பிரசுராலயம், நாளடைவில் காதல் நவீனங்களையே தன் முழுத் தொழிலாக்கிக் கொண்டது. பிறகு 1971-ல் கானடாவின் ஹார்லிக்வின் கம்பெனியோடு அது சேர்ந்தது. மிடுக்கான முதலாளியும் மிரண்ட காரியதரிசியும் அந்த அச்சில் எத்தனையோ முறை வார்க்கப்பட்டிருக்கிறார்கள். நம் ஊர் வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழியும் வரை அவை கைமாறிய விஷயம் நேயர்கள் அறியாததல்ல.

இப்போதைய ஹாஸ்யக் கதைகளில் ஒரு பெரிய மாறுதலைக் காண்கிறோம். பொய் என்பது இருவருக்கும் தெரியும். ஏமாறுகிறவர்கள் சர்க்காரும் சுற்றத்தாருமே. ஆகவே சிரிக்க முடிகிறது. ஆனால் சர்க்கார் சிரிப்பதில்லை. அமெரிக்காவில் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்காக விவாகம் செய்து கொள்பவருக்கு ஐந்து வருஷம் வரையில் சிறையும், இரண்டரை லட்சம் டாலர் வரையில் அபராதமும் விதிக்கலாம். விவாகமாகி இரண்டு வருஷத்துக்குள் வசிப்புரிமை பெறுகிறவருக்கு முதலில் நிபந்தனையுடன் கூடிய உரிமையே கிடைக்கிறது; இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் மெய்ப்பித்தாக வேண்டும். மார்கரெட்டும் ஆண்ட்ரூவும் விளையாடிய விளையாட்டு அத்தனை அபாயமானது.

நம்மவர்களும் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். ரவீந்திரநாத் மைத்ரா வங்காளியில் எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்னும் நாடகம் 1935-ல் டாக்கியாக வந்தது. அந்தக் கதையே 1955-ல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் 'மிஸ்ஸியம்மா' ஆயிற்று. தமிழில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தார்கள். பள்ளிக்கூடம் நடத்த, பட்டதாரிகளான தம்பதிகள் தேவை என்று ஒரு ஜமீன்தார் விளம்பரம் செய்கிறார். வேலையில்லாத ஓர் இந்து இளைஞனும், கடன் தொல்லையில் சிக்கிய ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் தம்பதிகளாக வேஷம் போட்டுக் கொண்டு உத்தியோகத்தில் அமர்கிறார்கள். உபாத்தியாயர் தொழிலுக்காக இத்தனை துணிவு காட்டிய கதை வேறு உண்டோ என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது!

இந்தக் கதைக்கும் அமெரிக்கக் கதைக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. நம் கதையில் இருவரும் சரிசமானம், இருவருக்கும் பசி, இருவரும் சேர்ந்து மேலே இருக்கும் ஒருவரை ஏமாற்றுகிறார்கள். ஒருவர் கோபித்துக் கொண்டால் மற்றவர் அடங்கிப் போக வேண்டிய அவசியமில்லை. அமெரிக்கக் கதையிலோ, மணமேடைக்கு அழைப்பவரின் கையிலேயே அழைக்கப்படுபவரின் சம்பளப் பட்டுவாடாவும் இருக்கிறது.

கதையின் விஷம் இங்கேதான் இருக்கிறது. மார்கரெட்டின் இடத்தில் ஒரு ஆண் அதிகாரியையும், ஆண்ட்ரூவின் இடத்தில் ஓர் இளம் பெண்ணையும் வைத்துப் பாருங்கள். "என்னை மணந்து கொள், இல்லாவிட்டால் உன் உத்தியோக ஆசை வீண்" என்று அவன் சொன்னால் நாம் கொட்டகையில் சிரித்துக் கொண்டிருப்போமா? இந்தியப் பார்லிமெண்டு வேலை செய்யும் இடங்களில் பெண்களைப் பாதுகாக்க 2013-ல் ஒரு சட்டம் செய்தது. பாலியல் துன்புறுத்தலோடு சேர்ந்து, உத்தியோகத்தில் சலுகை தருவதாக ஆசை காட்டுவதையும், உத்தியோகத்துக்குத் தீங்கு வரும் என்று பயமுறுத்துவதையும் அச்சட்டம் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறது. ஆணாயினும் பெண்ணாயினும், சம்பளத்துக்குப் பயந்து சொல்லும் "சரி" என்ற சொல்லுக்கு மதிப்பு என்ன?

திரைக்கதையை எழுதியவருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்துதான் இருக்கிறது. அதனால்தான் ஆண்ட்ரூவைப் பேரம் பேச வைத்தார். எஜமானியை மண்டியிட வைத்தார். முடிவில் இன்னும் ஒரு படி மேலே போனார். விவாக மேடையில், அத்தனை உறவினருக்கும் அதிகாரிக்கும் முன்னால், "நான் இவனைப் பயமுறுத்தித்தான் இதற்குச் சம்மதிக்க வைத்தேன்" என்று மார்கரெட்டே ஒப்புக்கொண்டு, நாட்டை விட்டுப் போகப் புறப்பட்டு விடுகிறாள். ஆண்ட்ரூ நியூயார்க்குக்குத் தேடிச் சென்று, ஆபீசில் எல்லோருக்கும் முன்பாக, இம்முறை தானே அவளைக் கேட்கிறான். ஜேன் அயருக்குச் சிற்றப்பன் சொத்து செய்த வேலையை இங்கே எஜமானியின் வாக்குமூலம் செய்கிறது.

ஆகையால் இத்தகைய புத்தகங்களை வீட்டுப் பெண்களிடமிருந்து பிடுங்கி அலமாரியில் பூட்டி வைக்கும்படி நாம் யோசனை சொல்லப் போவதில்லை. பூட்டி வைத்த புத்தகத்துக்குக் கிராக்கி அதிகம் என்பது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் கண்ட அநுபவம். படிக்கட்டும், சிரிக்கட்டும். படித்து முடித்த பிறகு, இராச் சாப்பாட்டு வேளையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த உதவியாளர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் மறு நாள் அவருக்கு வேலை இருந்திருக்குமா?" இதற்கு ஆசிரியர் பதில் வைத்திருந்தால் அது நல்ல நவீனம். பதில் வைக்காமல், முதலாளியின் அழகிய மூக்கையும் மோட்டார் வண்டியையும் மட்டுமே வர்ணித்துக் கொண்டு போனால், அட்டைப் படம் எவ்வளவு வர்ணமாயிருந்தாலும், அது பமேலாவுக்கு வைத்த பழைய கண்ணிதான் என்று குழந்தைகளே கண்டு கொள்வார்கள்.

அப்படிக் கண்டு கொண்ட பெண், நாளைக்கு ஒரு ஆபீசில் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது, யாருக்கு எப்போது "முடியாது" என்று சொல்ல வேண்டும் என்பதையும் அறிந்திருப்பாள். மேஜைக்குப் பின்னால் உட்காரும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்குமானால், தனக்குக் காப்பி கொண்டு வந்து வைக்கும் பையன் எந்த ஊர் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்து கொள்ளவும் கூடும்.