பெரிய காயில் வாங்கிய தம்பிக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தான். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான். அதோடு வந்த 11 அங்குலக் காயில் போதாதென்று 15 அங்குலத்தில் தனியாக ஒன்று. "சார், பெரிய காயிலுக்கு சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைக்கணும்? யூடியூபில் ஃபுல்லா வைக்கச் சொல்றாங்க. ஆனா நம்ம பக்கத்துச் செம்மண்ணுல சும்மா சும்மா கத்துது" என்று கேட்டிருந்தான். எந்தச் செம்மண்ணுலே என்று திருப்பிக் கேட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரம்பு என்று பதில் வந்தது.

பேர் சொல்ல மாட்டேன். அவனும் இதைப் படிப்பான்.

ஏலே தம்பி, முதலில் நீ கேட்டதற்குப் பதில். பன்னிரண்டாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்தினேனே, ஞாபகம் இருக்கா? அதுதான் உன் கையில் இருப்பது. காயிலில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது, மண்ணுக்குள் காந்தப்புலம் போகிறது, அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது தரும் எதிர்ப்புலத்தைக் காயில் கேட்கிறது. காயில் பெரிதானால் புலம் ஆழமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில் புலம் தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறையும். திரும்பி வருகிற சமிக்ஞையும் அதே மாதிரி குறையும். மொத்தத்தில் ஆறாம் மடி. ஆழம் இரு மடங்கானால் காயிலுக்கு வந்து சேருவது 64-ல் ஒரு பங்கு. 15 அங்குலக் காயிலுக்கு நீ கொடுத்த பணம் ஒரு சின்னக் காசுக்குச் சில அங்குல ஆழம் கூட்டித் தரலாம். அவ்வளவுதான்.

அந்தச் சில அங்குலமும் நம் மண்ணில் நிற்காது. பெரிய காயில் ஒரே நேரத்தில் நிறைய மண்ணைப் பார்க்கிறது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால். அந்த மண்ணும் காயிலுக்குப் பதில் சொல்லும். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் உன் மெஷின் கேட்பது காசை அல்ல, மண்ணை. அதனால் காயில் பெரிதாகப் பெரிதாக சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும், கையை மெதுவாக வீச வேண்டும். காயிலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் அடங்குகிற வரை கிரவுண்ட் பேலன்ஸைப் புதிதாக வைக்க வேண்டும். 11 அங்குலத்துக்கு வைத்ததை 15-க்கு அப்படியே விட்டால் கத்தத்தான் செய்யும். 6 அங்குலக் காயில் கொஞ்சம் மண்ணைத்தான் பார்க்கும். அதில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டலாம். அடுத்தடுத்துக் கிடக்கும் ஆணியையும் மோதிரத்தையும் அது பிரித்துச் சொல்லும். பெரிய காயில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பும். யூடியூப் அண்ணாச்சி இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவருக்குக் காயில் விற்க வேண்டும்.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி நீ கேட்காதது.

உன் மெஷினில் டிஸ்கிரிமினேஷன் என்று ஒரு செட்டிங் உண்டு. வீடியோக்காரர்கள் எல்லோரும் "இரும்பைத் தள்ளிவிடுங்கள், ஆணியும் தகரமும் தொல்லை" என்கிறார்கள். பொருநைக் கரையில் நின்றுகொண்டு இரும்பைத் தள்ளுவதா! சிவகளையில் தாழிகளோடு வந்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததே, அந்த ஊர் உன் பரம்பிலிருந்து எவ்வளவு தூரம்? உலகத்தில் பல பேர் இன்று வாதாடிக்கொண்டிருப்பது நம் தங்கத்தைப் பற்றி அல்ல, துருப்பிடித்த இந்தத் துண்டுகளைப் பற்றி. உன் மெஷினுக்கு அது குப்பை.

இன்னொன்றையும் கவனி. அந்தக் காலக்கணக்கை இரும்பு மட்டும் சொல்லவில்லை. அதோடு கிடந்த கரித்துண்டும் மட்பாண்டமும் சேர்ந்து சொன்னது. அதே சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு பொ.ஆ.மு. 1155 என்று காலம் வந்தது. நெல்லுக்கு எந்தக் காயில் சத்தம் போடும்? கரிக்கு எந்த செட்டிங்? உலோகத்தை மட்டும் நோண்டி எடுத்து, நெல்லையும் கரியையும் எலும்பையும் மண்வெட்டியால் கிளறிப் போட்டுவிட்டால், உன் கையில் மிஞ்சுவது எடை போட்டு விற்கும் ஒரு துண்டு.

வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறார்களே, அதில் நம் தமிழ்ப் பெண்களும் நிறையப் பேர். அவர்கள் கையில் இருப்பதும் இதே ஃபாரடே விதிதான். ஒரு சத்தத்தையும் குப்பை என்று தள்ள அவர்களுக்கு வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் மண்டியிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாக விலக்கிப் பார்க்கிறார்கள். நீ ஒரு மணி நேரத்தில் ஒரு பரம்பையே வீசி முடிக்கப் பார்க்கிறாய்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அள்ளிக்கொண்டு போனது பெர்லினில் இருக்கிறது. 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலம், வேல், வாள் என்று எத்தனையோ எடுத்தார். ஆனால் எடுத்ததை எழுதி வைத்தார். அதனால்தான் 2004-05-லும், பிறகு 2021-க்கு அப்புறமும் தோண்டியவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்தது. 2022-ல் மறுபடி ஒரு தங்கப் பட்டம் கிடைத்தபோது, அது எந்தத் தாழியில், எந்த எலும்போடு, எதன் பக்கத்தில் என்று சொல்ல ஆள் இருந்தது. அங்கே தாழிகள் மூன்று அடுக்காகக் கிடக்கின்றன. உன் 15 அங்குலம் எட்டுவது மேலே உள்ள அடுக்கை. சத்தம் கேட்டு நீ போடும் குழி முதலில் உடைப்பது ஒரு தாழியின் வாயை.

என் சித்தப்பா மகன் ஒருத்தர் இதற்குப் பதில் வைத்திருப்பார், எனக்குத் தெரியும். "அரசாங்கம் எடுத்தா மட்டும் என்ன, குடோன்ல பூட்டி வைக்கும்." அண்ணே, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2004-05 அகழாய்வின் அறிக்கைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. ஆனால் தாமதமாக வந்த அறிக்கையை இன்று படிக்கலாம். பரம்பில் ராத்திரி போட்ட குழிக்கு அறிக்கை எந்த வருஷம் வரும்? அறிக்கை கேட்டுக் கேஸ் போடலாம், மனு எழுதலாம். அந்த மனுவில் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். பூட்டு சரியில்லை என்பதற்காக நாமே திருடுவதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டினால் அது வேறு கேஸ். "சொந்த வயல்தானே சார்" என்று சொல்லாதே. சொந்த வயலிலும் புதையல் சட்டம் உண்டு.

தம்பி, மெஷினைத் திருப்பி அனுப்பு என்று நான் சொல்லவில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கிறவர்கள் மூக்குத்தியையும் மெட்டியையும் தொலைத்துவிட்டு அழுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதற்கு 6 அங்குலக் காயில் போதும். ஆற்று மணலில் கிரவுண்ட் பேலன்ஸை வைத்துவிட்டு, டிஸ்கிரிமினேஷனை அணைத்துவிட்டு, மெதுவாக வீசு. தண்ணீரில் இறங்குமுன் உன் காயில் நனையலாமா என்று பார்த்துக்கொள். கிடைத்ததை உரியவரிடம் கொடு. பழசாக ஏதாவது தட்டுப்பட்டால் கை வைக்காதே, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கலெக்டர் ஆபீசுக்கு நானும் கூட வருகிறேன்.

அந்த 15 அங்குலக் காயிலை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த வருஷம் பிளஸ் டூ. தூண்டல் பாடம் புரியவில்லை என்கிறார்கள்.